ரம்ஜான் மாதத்தில் ஜெயமாலாவுடன் எகிப்து

பிரமிடின் அடியில் போய் நின்றதும் கஸ்தூரி கேட்ட முதல் கேள்வி, "சிஸ்டர், செருப்ப எங்க உடறது?" என்பதுதான்.

"இது கோயில் இல்லம்மா, சமாதி" என்றேன்.

"அய்யய்யோ, அப்ப ரூமுக்குப் போனதும் தலைக்குக் குளிக்கணுமே!"

ஆயிரமாயிரம் வருஷத்துப் பிணத்துக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று அவள் யோசித்துக்கொண்டே நின்றாள். ஜெயமாலாதான் தீர்ப்புச் சொன்னாள். "பொணத்த எப்பவோ எடுத்துட்டாங்க. இப்ப வெறும் கல்லு. கம்முனு வா."

நாங்கள் மூன்று பேர். கஸ்தூரி சின்ன காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீட்டுக்காரி, வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ், போனில் புடவை விற்கும்போது மட்டும் இந்தி. ஜெயமாலா திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம், நெல் மண்டி வைத்திருந்தார்கள். நான் எஸ்தர், அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கஸ்தூரியின் இரண்டு பிரசவமும் என் கையில்தான். ஜெயமாலாவின் வீட்டுக்காரர் கடைசியாகப் படுத்திருந்தது என் வார்டில்தான். அப்படிப் பழகியது விடாமல் தொடர்ந்து, தினமும் காலையில் ஒன்றாக நடக்கப் போகிறவர்கள் ஆகிவிட்டோம்.

எகிப்து என் ஆசை. யோசேப்பைக் குழியில் தள்ளி எகிப்துக்கு விற்ற கதையை ஞாயிறு பள்ளியில் கேட்ட நாளிலிருந்து அந்த ஊர் என் தலைக்குள் இருந்தது. கஸ்தூரிக்கு ஊர் சுற்றினால் போதும், எந்த ஊர் என்பது முக்கியமில்லை. ஜெயமாலா மட்டும்தான் கடைசிவரை இழுத்தடித்தாள். காரணம் சாப்பாடு.

அவள் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதையும் தொட மாட்டாள். அதைச் சமாளித்துவிடலாம். பெரிய விஷயம் இன்னொன்று. பொழுது சாய்ந்துவிட்டால் மறுநாள் சூரியன் எழும்பும்வரை அவள் வாயில் எதுவும் படாது, தண்ணீர்கூட. சின்னப் பெண்ணாக இருந்தபோது எடுத்த விரதம். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும், பிரசவ வலியிலும்கூட விட்டதில்லை. இதற்கு நடுவில் சர்க்கரை நோய் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் மச்சினர் கிண்டல் பண்ணினாராம்: "பாத்துடலாம் அண்ணி, ரெண்டே நாள்ல ராத்திரிச் சோறு சாப்ட்டுக்கினு வரப் போறீங்க." அந்த வார்த்தைதான் அவளைக் கிளப்பியது. ரோஷக்காரி.

கிளம்பும் நாளில் அவள் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "நீங்க கூட இருக்கீங்கன்னுதான் அனுப்பறேன் சிஸ்டர். அம்மாவுக்கு சுகர் திடீர்னு எறங்கிடும். பாத்துக்கோங்க." ஆகட்டும்பா என்று பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன்.

கெய்ரோவில் இறங்கியபோது தெருவெல்லாம் வண்ண விளக்குக் கூண்டுகளும் ஜிகினாத் தோரணங்களும் தொங்கின. "யாரு வீட்டுக் கல்யாணமோ தெரியல, ஊரையே ஜோடிச்சிருக்கான்" என்றாள் கஸ்தூரி. எங்களை அழைத்துப்போக வந்திருந்த வழிகாட்டிப் பெண் ஹுதா சிரித்தாள். பெண்கள் மட்டும் போகிறோம், வழிகாட்டியும் பெண்ணாக வேண்டும் என்று நாங்கள் கேட்டு வாங்கிய ஆள் அவள். ஆங்கிலத்தில் சொன்னாள்: "ரம்ஜான் தொடங்கிவிட்டது. நல்ல மாதத்தில் வந்திருக்கிறீர்கள்."

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். டிக்கெட், ஓட்டல் எல்லாம் போனில் போட்டது அவள்.

"விலை ரொம்பக் கம்மியா இருக்குதேன்னு பார்த்தேன்" என்றாள். "ஏன் கம்மின்னு யாரு கேட்டா?"

அன்றைக்கே விஷயம் புரிந்துவிட்டது. ஊர் மொத்தமும் பகலில் பட்டினி. சூரியன் மறைந்ததும் சாப்பாடு. எங்களோடு வந்திருப்பவளோ சூரியன் மறைந்தால் பட்டினி. இப்படி ஒரு பொருத்தத்தைத் தேடினாலும் கிடைக்காது.

முதல் நாள் சாயங்காலம் ஓட்டலுக்குப் பக்கத்துத் தெருவில் நீளமாக மேசை போட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழை பணக்காரர், சொந்தம் அசல் என்று பார்க்காமல் ஒரே பந்தி. ஒரு பெரியவர் எங்கள் வழியை மறித்து நாற்காலியைக் காட்டினார். நானும் கஸ்தூரியும் உட்கார்ந்துவிட்டோம். சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மேலே வறுத்த வெங்காயம் தூவிய ஒரு தட்டு வந்தது. வீட்டில் மிச்சம் மீதியைக் கலந்தால் வருவது போல இருந்தாலும் நல்ல ருசி. ஜெயமாலா அப்போதுதான் ஓட்டலில் இரண்டு வாழைப்பழமும் ரொட்டியும் தின்று வாயைக் கொப்புளித்துவிட்டு வந்திருந்தாள். பெரியவர் விடவில்லை, தட்டை அவள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

ஹுதா அவரிடம் அரபியில் விளக்கினாள். அவர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டதை எங்களுக்கு மொழிபெயர்த்தாள்: "ராத்திரியில் நோன்பா? அப்படியென்றால் இந்த அம்மா தூங்கியே புண்ணியம் சம்பாதிக்கிறாரா?"

ஜெயமாலா அசரவில்லை. "அவரயும் கேளு. பகல்ல எவ்ளோ நேரம் தூங்கறாருன்னு." நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஹுதா அரபியில் சொல்ல, பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் அருங்காட்சியகம். நான் யோசேப்பின் காலத்து ராஜா யார் என்று தேடினேன். ஹுதாவுக்கே தெரியவில்லை, யாருக்கும் சரியாகத் தெரியாதாம். அந்த ஏமாற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கஸ்தூரி தங்கத்தைப் பார்த்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். ஜெயமாலா மட்டும் துணி சுற்றி வைத்திருந்த பூனைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "சாமிக்குன்னு கொன்னாங்களாம் சிஸ்டர். பாவம், அதுக்கு இன்னா தெரியும்?" என்று கண் கலங்கினாள். ராஜாவைப் பார்த்து வராத அழுகை பூனையைப் பார்த்து வந்தது அவளுக்கு.

பிறகு ரயிலில் லக்ஸர். அங்கே கர்நாக் கோயிலில் குளத்துக்குப் பக்கத்தில் கல்லில் பெரிய வண்டு ஒன்று பீடத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி வந்தால் நினைத்தது நடக்குமாம். வெள்ளைக்காரர்கள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேரும் அப்பிரதட்சணமாக. கஸ்தூரிக்குத் தாங்கவில்லை. "ராங் சைடு! ராங் சைடு!" என்று கத்திக்கொண்டே எதிர்த்திசையில் பிரதட்சணமாக இறங்கிவிட்டாள். ஒரு ஜெர்மன்காரர் மேல் மோதினாள். அவர் மன்னிப்புக் கேட்டார், இவள் கேட்கவில்லை.

"நீ என்ன வேண்டிக்கிட்டே?" என்று, கஸ்தூரி பின்னாலேயே சுற்றி வந்த ஜெயமாலாவிடம் கேட்டேன்.

"ஊருக்குப் போற வரைக்கும் பொழுதோட சாப்பாடு கிடைக்கணும்னு."

சிரித்தேன். ஆனால் அது விளையாட்டாகச் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். பகலில் பாதிக் கடை மூடியிருந்தது. திறந்திருந்த கடையிலும் மத்தியானம் தாண்டினால் அடுப்பு இல்லை, எல்லோரும் சாயங்காலப் பந்திக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய தினசரிச் சாப்பாட்டை நானும் ஹுதாவும் படையெடுப்பு மாதிரித் திட்டம் போட்டு முடித்துக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து கொண்டுவந்த தட்டையும் பொரிவிளங்காய் உருண்டையும்தான் ஆபத்துக்குக் கை கொடுத்தன.

அங்கிருந்து அஸ்வானுக்கு வேனில் போனோம். ஓட்டுநர் பெயர் சையத். ஐம்பது வயதிருக்கும், கட்டை மீசை. காலை வணக்கம் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சிடுமூஞ்சி" என்று கஸ்தூரி அங்கேயே பெயர் வைத்துவிட்டாள். நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் வண்டி ஓட்டுகிறவர் சிரித்துக்கொண்டா இருப்பார் என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. பெரிய பெட்டிகளை முன்னாலேயே வேறு வண்டியில் அனுப்பிவிட்டோம். கைப்பையோடு ஏறினோம்.

வழியில் எட்ஃபு கோயில். வாசலில் கல் பருந்து ஒன்று ஆள் உயரத்துக்குமேல் நிற்கிறது. "கருடாழ்வார்" என்று கஸ்தூரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே போய்ப் பார்த்தால் கர்ப்பகிரகத்தைச் சுற்றி வெளிமதிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் அருமையான நடைவழி, சுவர் முழுக்கச் சிற்பம், நம் ஊர்ப் பிராகாரம் மாதிரியே. அவ்வளவுதான். காஞ்சிபுரத்துக் கால்கள், பிராகாரத்தைப் பார்த்தால் சும்மா நிற்குமா? யாரும் யாரையும் கேட்கவில்லை, வலம் வர ஆரம்பித்தோம். முதல் சுற்று முடிந்ததும் ஹுதா கடிகாரத்தைக் காட்டினாள்.

"ஒரு சுத்தோட எப்படி நிறுத்தறது? மூணு சுத்தணும்" என்றாள் கஸ்தூரி.

"உள்ள இருக்கறது யாருன்னே தெரியாம?" என்றேன்.

"யாரா இருந்தா இன்னா சிஸ்டர், சாமிதானே."

சர்ச்சுக்குப் போகிற நானும் மூன்று சுற்றும் சுற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நிழலும் காற்றும் அவ்வளவு சுகமாக இருந்தது. வெளியே வந்தபோது சாப்பிடுவதாக இருந்த கடை கதவைச் சாத்திவிட்டது. சையத் வேனுக்கு வெளியே நின்று ஹுதாவிடம் உரக்க ஏதோ சொன்னார். "கோயிலை ஒரு தடவை பார்த்தால் போதாதா, மூன்று தடவை பார்த்தால் மாறிவிடுமா என்று கேட்கிறார்" என்று அவள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். பரவாயில்லை, அடுத்த கோயிலுக்குப் பக்கத்தில் சுற்றுலாக்காரர்களுக்கென்று ஒரு கடை உண்டு, வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம் என்றாள் ஹுதா.

பாலைவனத்து வழியில் பாதி தூரம்கூடப் போகவில்லை, வேனின் மூக்கிலிருந்து புகை வந்தது. சையத் ஓரம் கட்டி மூடியைத் திறந்தார். எங்கோ குழாய் வெடித்திருந்தது. இரண்டு பக்கமும் மணல், நடுவில் தார் ரோடு, ஒரு மரம்கூட இல்லை. ஹுதா அஸ்வானுக்குப் போன் பண்ணினாள். இன்னொரு வண்டி வரும், ஆனால் அந்த ஓட்டுநர் நோன்பு திறந்த பிறகுதான் கிளம்புவாராம். அதுவும் நியாயம்தானே. ரோட்டில் போக்குவரத்தே நின்றுவிட்டது, எல்லோரும் பந்திக்கு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஜெயமாலா ஜன்னலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. காற்று குளிர ஆரம்பித்திருந்தது, வேர்வைக்கு வேலையில்லை. கையைப் பிடித்தேன், நடுங்கியது.

"தலை சுத்துதா?"

"லேசா. ஒண்ணுமில்ல சிஸ்டர்."

சுகர் பார்க்கும் மிஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். எண் ரொம்பக் கீழே இருந்தது. காலையில் மாத்திரை போட்டிருக்கிறாள், அதற்குப் பிறகு ஒரு ரொட்டித் துண்டுதான் உள்ளே போயிருக்கிறது. மிஷின் என் கைப்பையில் இருக்கிறது, குளுக்கோஸ் பாக்கெட் பெரிய பெட்டியில் அஸ்வானுக்குப் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க நர்ஸாக இருந்தவள் செய்கிற வேலையா இது? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"கஸ்தூரி, தட்டை, உருண்டை எது இருந்தாலும் எடு, சீக்கிரம்!"

கஸ்தூரி பையை இறுக்கிக்கொண்டாள். "தீந்துடுச்சு சிஸ்டர்."

"நேத்து ஒரு டப்பா இருந்துதே?"

"நைட்டு பசிச்சுது..." என்றவள் அழுதேவிட்டாள். "அம்மோ, நான் பாவி! அக்கா சாப்பாட்டத் தின்னுட்டேனே!" பையைத் தலைகீழாகக் கொட்டினாள். ஊக்கு, சீப்பு, பாக்குப் பொட்டலம், காய்ந்த துளசி. ஒரு மிட்டாய்கூட இல்லை. ஹுதாவும் நோன்பு, அவள் பையிலும் தண்ணீர் மட்டும்தான்.

சூரியன் மணலுக்குமேல் இரண்டு முழ உயரத்தில் இருந்தது. அது இறங்கிவிட்டால் இவள் வாயைத் திறக்க மாட்டாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வார்டில் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

"ஜெயா, இப்பவே சொல்றேன். பொழுது போன பிறகு யாராவது ஏதாவது கொண்டுவந்தா நீ சாப்பிடணும். இது உயிர் விஷயம்."

"மாட்டேன் சிஸ்டர்."

"பைத்தியமா நீ? உன் பையனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இத்தன வருஷம் காப்பாத்தினத, ஊர் சுத்திப் பாக்கறதுக்காக விட்டேன்னு ஆகக் கூடாது." குரல் தள்ளாடியது, ஆனால் வார்த்தை தள்ளாடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவளை இரண்டு சாத்தலாம் போல இருந்தது. அதே அளவுக்குப் பயமும் இருந்தது.

நாங்கள் போட்ட சத்தத்தில் சையத் வந்து எட்டிப் பார்த்தார். ஹுதா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஜெயமாலாவைப் பார்த்தார், மேற்கே பார்த்தார். தன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்து திறந்தார். பேரீச்சம்பழம், ரொட்டி, வெள்ளரிக்காய். நோன்பு திறக்க அவர் மனைவி கட்டிக் கொடுத்தது.

"அய்யோ, வேணாம்" என்று ஜெயமாலா கையை மடக்கிக்கொண்டாள். "விடியக்காலையிலேர்ந்து சொட்டுத் தண்ணி இல்லாம வண்டி ஓட்டினு வர்றாரு. அவர் வாய்க்கு வெச்சிருக்கறத நான் பிடுங்கித் தின்றதா? சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க."

நான் என்னத்தைச் சொல்வேன்? எனக்கு அவள் தின்றால் போதும்.

சையத் டப்பாவை நீட்டியபடியே நின்றார். ஹுதாவிடம் சொன்னார், அவள் சொன்னாள்: "பசித்தவருக்குக் கொடுக்கும் வாய்ப்பு இந்த மாதத்தில் வீடு தேடி வந்திருக்கிறது, அதை என்னிடமிருந்து தட்டிப் பறிக்காதீர்கள் என்கிறார்."

ஜெயமாலா நிமிர்ந்து பார்த்தாள். ரோட்டோரத்தில், வேன் படிக்குக் கீழே, அந்தக் கட்டை மீசைக்காரர் இரண்டு கையிலும் டப்பாவை ஏந்திக்கொண்டு, வாங்கிக்கொள்வாளா மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்வை மாறியது.

"எங்க முனிவருங்க ஊருக்கு வந்தா இப்படித்தான் நாங்க வாசல்ல நிப்போம் சிஸ்டர்" என்றாள் மெல்ல. "ஆகாரத்த வெச்சினு, கும்பிட்டுனு. எந்த வீட்ல நிப்பாருன்னு யாருக்கும் தெரியாது. நம்ம வாசல்ல நின்னு வாங்கினா அன்னிக்கு வீடே பண்டிகை. நிக்காம தாண்டிப் போய்ட்டாரு வைங்க, அன்னிக்குப் பூரா எங்க மாமியார் அழுவாங்க."

கையை நீட்டினாள். சையத் பழத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு வாயில் போட்டாள். இன்னொன்று. பிறகு ரொட்டி. நான் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தேன், கஸ்தூரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெள்ளரிக்காயை நறுக்கினாள். சூரியன் மணலைத் தொடும்போது அவள் தண்ணீர் குடித்து வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டு, "போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். டப்பாவில் பாதி அப்படியே இருந்தது.

"உடனே தெரியாது" என்றேன் எல்லோருக்கும் பொதுவாக. "கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் குத்திப் பாக்கணும். ஏறலன்னா..." ஏறவில்லை என்றால் என்ன செய்வதென்று எனக்கே தெரியாது. ஜெயமாலாவுக்குத் தெரியும் போல. "ஏறலன்னாலும் என் வாயில ஒண்ணும் வெக்காதீங்க சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஹுதா நான் சொன்னதைச் சையதுக்கு அரபியில் சொன்னாள்.

சூரியன் போய்விட்டது. ஹுதாவின் போனில் நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு ஒலித்தது. அவள் தண்ணீரைக் குடித்து, சையத் நீட்டிய பழத்தைத் தின்றாள். பாங்கு முடிந்தது. நான் ஜெயமாலாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி கோவிந்தா கோவிந்தா என்று முணுமுணுத்தாள், நான் ஆண்டவரே ஆண்டவரே என்றேன். வெளியே இருட்ட ஆரம்பித்தது.

மறுபடி விரலைக் குத்தினேன். மிஷின் யோசித்தது. கீச் என்றது. எண் ஏறியிருந்தது, நன்றாகவே ஏறியிருந்தது. அப்போதுதான் ஜெயமாலாவின் நெற்றி காய்ந்திருப்பதைப் பார்த்தேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன காட்டுது?" என்று அரபியில் யாரோ கேட்டார்கள். மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்தேன். சையத் படிக்குக் கீழே அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் ஒரு பேரீச்சம்பழம். பாங்கு சொல்லி எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. அவர் அதைக் கடிக்கவே இல்லை. இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல் இருந்தது.

மிஷினை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். எண் அவருக்குப் புரிந்திருக்காது. கட்டை விரலை உயர்த்தினேன்.

அவர் மூச்சை விட்டார். உதடு அசைய ஏதோ சொல்லிவிட்டுப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.